பேரிங் போன சத்தம்: பிளாக் சபாத்தைக் கீழே வைத்தவர்களோடு ஒரு சண்டை

பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா? லெட் செப்பெலினா, பிங்க் ஃபிளாய்டா? இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் நான்கு வருடம் கழித்த யாருக்கும் இந்தக் கேள்விகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாளைக்கு இன்டெர்னல் பரீட்சை இருக்கும். புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆறு பேர் ஒரு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ஜிம்மி பேஜ் பெரிய ஆளா டேவிட் கில்மோர் பெரிய ஆளா என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருப்போம்.

அந்தச் சண்டைகளில் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கிறேன். முதலிடம் யாருக்கு என்பதில்தான் அடிதடி வரும். கடைசி இடத்தில் வராது. கடைசி இடத்தில் பிளாக் சபாத்தை வைப்பதில் எல்லா கோஷ்டிகளும் ஒற்றுமையாக இருக்கும். செப்பெலின் கட்சிக்காரனும் ஃபிளாய்ட் கட்சிக்காரனும் கைகுலுக்கும் ஒரே இடம் அது.

"சபாத்தா? மச்சான், அது வெறும் சத்தம்டா."

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில், வில்லா பார்க் மைதானத்தில் சபாத்தின் நான்கு பேரும் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று ஆஸி ஆஸ்போர்ன் இறந்தார். அன்றைக்கு என் போனில் நிறைய ஸ்டேட்டஸ்கள். கறுப்புப் பின்னணியில் படம், கீழே 'லெஜண்ட்' என்று ஒரு வார்த்தை. சிலவற்றைப் போட்ட ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கட்டிலில் உட்கார்ந்து "வெறும் சத்தம்" என்று சொன்னவர்கள்தான். செத்தவருக்குக் கிரீடம் வைப்பதில் நமக்கு இணையே கிடையாது. அதனால் இறப்புச் செய்தியின் ஈரம் காய்ந்த பிறகு, நிதானமாக இந்தச் சண்டையை மறுபடி போடலாம் என்று நினைக்கிறேன்.

என் கட்சியை நேராகச் சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் ராக் குழுக்களில் முதலிடம் பிளாக் சபாத்துக்கு. அவர்களைக் கீழே தள்ளிய பட்டியல் இசையை அளந்து போட்டது கிடையாது. ஆட்களை அளந்து போட்டது. நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன் என்பதால் இந்த அளவுகோலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

குவார்ட்டர்ஸ் டைப்

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம். நெய்வேலி தானாக வளர்ந்த ஊர் இல்லை, வரைபடம் போட்டுக் கட்டிய ஊர். 1956இல் நிறுவனம் வந்தது. 1957இல் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது, 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுரங்கத்தை வெட்டியது ஜெர்மன் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள். கிராமங்களைக் காலி செய்து, நேர்கோட்டுச் சாலைகள் போட்டு, வட்டம் வட்டமாகப் பிரித்து, மரம் நட்டு, வீடு கட்டினார்கள். பண்ருட்டி பலாப்பழ வாசனைக்கும் வடலூர் வள்ளலாரின் அணையா அடுப்புக்கும் நடுவில், ஒரு ஜெர்மன்-ரஷ்ய-தமிழ்க் கனவு.

அந்த ஊரில் ஒரு பையனிடம் "எந்த வட்டம், என்ன டைப் குவார்ட்டர்ஸ்?" என்று கேட்டால் போதும். அப்பாவின் கிரேடு, சம்பளம், வீட்டில் எத்தனை ரூம் என்று எல்லாம் தெரிந்துவிடும். சாதியை நேரடியாகக் கேட்பது அநாகரிகம் என்று நினைப்பவர்கள்கூட குவார்ட்டர்ஸ் டைப்பைக் கூச்சமில்லாமல் கேட்பார்கள். டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பையனிடம் அந்தக் கேள்வியே வராது. அவன் அந்த ஏணியின் முதல் படியிலும் இல்லை.

இங்கிலீஷ் பாட்டும் இந்த ஏணி வழியாகத்தான் கீழே இறங்கி வந்தது. எங்கள் காலத்தில் அது பெரிய குவார்ட்டர்ஸ் பையன்களிடம்தான் முதலில் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையன் கொடுத்த சிடி, சென்னை பர்மா பஜாரில் வாங்கிய எம்பி3 தொகுப்பு. அதோடு தரவரிசையும் சேர்ந்தே வந்தது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம், எதைக் கேட்டால் "டேய், நீ இன்னும் அதுலதான் இருக்கியா" என்பார்கள் என்று எல்லாமே அதிலேயே இருந்தது. பிறகு காலேஜ். ஹாஸ்டல் லேனில் டிசி பிளஸ் பிளஸ் ஓடியது. ஒவ்வொருவன் ஹார்ட் டிஸ்க்கிலும் மொத்த டிஸ்கோகிராஃபி. பாட்டுக்குப் பஞ்சமில்லை என்று ஆன பிறகு பாட்டு வைத்திருப்பதில் பெருமை போய்விட்டது. தரவரிசையை வைத்திருப்பதுதான் பெருமை என்றானது.

பட்டதாரி பேண்டுகள்

நம் ஆட்கள் மேலே வைக்கும் குழுக்களின் பயோடேட்டாவை ஒருமுறை பாருங்கள். பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக் கலை படிக்கப் போனவர்கள். குயீனின் பிரையன் மே இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் ஆராய்ச்சி மாணவர், 2007இல் முனைவர் பட்டமும் வாங்கினார். ஜான் டீக்கன் எலெக்ட்ரானிக்ஸ். ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் படிக்கப் போனவர். ஜெனிசிஸ் முளைத்தது சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்காரப் பள்ளிக்கூடத்தில். மிக் ஜாகர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்.

படித்தவர்கள் நல்ல இசை போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரையன் மே அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பு மரத்தில் தானே செய்த கிட்டாரின் கதையை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. இன்ஜினியருக்கு அதைவிட நல்ல கதை கிடையாது. நான் கேட்பது வேறு. பிடெக் படிக்கும் பையன்கள் பிடெக் படித்தவர்களைப் போன்ற ஆட்களையே மேலே வைத்துவிட்டு, அதற்கு 'ரசனை' என்று பெயர் சூட்டுவதைத்தான் கேட்கிறேன். கான்செப்ட் ஆல்பம், பதினேழு நிமிஷப் பாட்டு, விசித்திரத் தாளக் கணக்கு என்று இதெல்லாம் பரீட்சையில் நன்றாக மதிப்பெண் வாங்கும் குணங்கள். பரீட்சை எழுதியே வளர்ந்தவர்களுக்கு அது பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

இப்போது சபாத்தின் பயோடேட்டா. ஆஸி பதினைந்து வயதில் பள்ளியை விட்டார். ஆடுமாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். லூக்காஸ் தொழிற்சாலையில் கார் ஹாரன் சரியாக ஒலிக்கிறதா என்று சோதிக்கும் வேலை பார்த்தார். திருட்டு வழக்கில் அபராதம் கட்டப் பணமில்லாமல் சில வாரம் சிறையில் இருந்தார். டோனி அயோமி ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வெல்டர். பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர் ஏழு பிள்ளைகள் இருந்த ஐரிஷ் கத்தோலிக்க வீட்டின் பையன். எல்லோரும் ஆஸ்டன் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர்கள். நாள் முழுவதும் ஹாரன் சோதித்தவனை இசைக்கலைஞன் என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனசு வரவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

அறுப்புக்கூடத்துக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகத்தைப் படிக்கலாம். மிருதங்கம் தோலில்லாமல் பேசாது. அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டுகிறவர்களின் காது எவ்வளவு நுட்பமானது என்பதும், சபா விமர்சனங்களில் அவர்கள் பெயர் ஏன் வருவதில்லை என்பதும் அதில் இருக்கிறது. தமிழர்களான நமக்கு இந்தக் கதை புதிது இல்லை. பர்மிங்ஹாம் வேஷத்தில் வந்தால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வாதங்கள்

எதிர்க்கட்சி வழக்கமாக மூன்று வாதங்கள் வைக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, ஒரிஜினாலிட்டி. செப்பெலின் கட்சியின் பிரம்மாஸ்திரம் இது. தமிழ்ப் படப் பாட்டு எது வந்தாலும் "இது அங்கேயிருந்து சுட்டது, அது இங்கேயிருந்து சுட்டது" என்று மூலத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் நண்பன் எல்லா ஹாஸ்டலிலும் ஒருவன் இருப்பான். அவனே செப்பெலினின் பரம பக்தனாகவும் இருப்பான். 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக வில்லி டிக்சன் என்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர் 1985இல் வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்து, பிறகு அவர் பெயரும் பாட்டில் சேர்ந்தது. 'டேஸ்ட் அண்ட் கன்ஃபியூஸ்ட்' பாட்டுக்காக ஜேக் ஹோம்ஸ் 2010இல் வழக்குப் போட்டார், அதுவும் சமரசம். இதைச் சொன்னால் நண்பன் என்ன சொல்வான் தெரியுமா? "அது இன்ஃப்ளுயென்ஸ் மச்சான்." லண்டன்காரன் எடுத்தால் இன்ஃப்ளுயென்ஸ், கோடம்பாக்கத்துக்காரன் எடுத்தால் திருட்டு. செப்பெலினை நானும் விரும்பிக் கேட்கிறவன்தான். ஜான் பான்ஹமைப் போல டிரம்ஸ் அடிக்க இன்னொருவர் பிறக்கவில்லை. அவரும் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போன மிட்லண்ட்ஸ்காரர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரிஜினாலிட்டி என்ற தராசை எடுத்துக்கொண்டு மட்டும் செப்பெலின் கட்சி வரக்கூடாது.

இரண்டு, டெக்னிக். யார் வேகமாக வாசிக்கிறார், யார் சுத்தமாக வாசிக்கிறார். இந்தப் பட்டியலில் எரிக் கிளாப்டன் எப்போதும் கடவுள் ஸ்தானத்தில் இருப்பார். 1976 ஆகஸ்டில், அதே பர்மிங்ஹாமில், மேடையில் நின்றுகொண்டு வெளிநாட்டவரை நாட்டை விட்டு விரட்ட வேண்டும் என்று பேசி, ஈனாக் பவலுக்கு ஆதரவு கேட்டவர் அவர். அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பாகத்தான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கமே தொடங்கியது. கறுப்பர்களின் ப்ளூஸை வாசித்துப் பெயர் வாங்கியவர் பேசிய பேச்சு அது. அவர் விரட்டச் சொன்ன கூட்டத்தில் நம் நிறத்து ஆட்களும் இருந்தார்கள். இதற்காக அவர் கிட்டாரைக் கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. விரல் சுத்தம் என்ற ஒரே அளவுகோலை வைத்துக் கடவுள் பட்டம் கொடுத்தால் என்னவெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று, 'நம்ம கனெக்‌ஷன்'. பீட்டில்ஸ் 1968இல் ரிஷிகேஷ் வந்தார்கள். ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றார். பேஜும் பிளான்ட்டும் 1972இல் பம்பாயில் நம் வாத்தியக்காரர்களோடு ஒலிப்பதிவு செய்தார்கள். ஃப்ரெடி மெர்குரி பஞ்ச்கனியில் படித்த பார்சிப் பையன். எல்லாம் உண்மைதான். ஆனால் 1967இல் வந்த 'விதின் யூ விதவுட் யூ' பாட்டுக்கு வாசித்த இந்திய இசைக்கலைஞர்களின் பெயர்கள் அந்த இசைத்தட்டு உறையில் இல்லை. வெள்ளைக்காரன் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனான் என்ற பெருமையைத் தாண்டி இந்த வாதத்தில் எதுவும் இல்லை. ரிஷிகேஷுக்கு வந்தவர்களோடு எங்களுக்கு என்ன உறவு? நெய்வேலியில் ஆசிரமம் கிடையாது. கன்வேயர் பெல்ட்தான் உண்டு. எங்கள் கனெக்‌ஷன் ஆஸ்டனோடுதான்.

அந்த பிரஸ் மெஷின்

டோனி அயோமிக்குப் பதினேழு வயது. முழுநேர இசைக்குப் போகலாம் என்று வேலையை விட்டாயிற்று, அன்றைக்குக் கடைசி நாள். பிரஸ் மெஷினை ஓட்டும் ஆள் வரவில்லை என்று வெல்டரான அவரை அதில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. இடது கைக்காரர் என்பதால் கிட்டாரின் தந்திகளை அழுத்தும் கை அதுதான்.

பிறகு நடந்ததை ஓர் இன்ஜினியராகப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மரியாதை கூடுகிறது. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தார். மேலே பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினார். கனமான தந்தியை அழுத்த முடியவில்லை, மெல்லிய தந்தி கடையில் கிடைக்கவில்லை, அதனால் பேஞ்சோ தந்திகளை எடுத்து மாட்டினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாட்டுகளில் கிட்டாரின் சுருதியையே இறக்கினார். நம் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, சத்தம் பாதாளத்துக்குப் போனது. உலகம் முழுக்க இன்றைக்கு 'ஹெவி' என்று சொல்லும் ஒலிக்கு அடித்தளம் இதுதான். ஆராய்ச்சிக் கூடம் இல்லை, ஸ்பான்சர் இல்லை. ஒரு ஃபிட்டர் மெஷினை ஓடவைக்கச் செய்யும் வேலையைப் போல, கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது.

இசையாகவும் பார்ப்போம். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, குழுவின் பெயரே பாட்டின் பெயர். அதன் மையத்தில் மூன்றே சுரங்கள். ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்யமம். பஞ்சமத்துக்குப் போக வேண்டிய கை அரை சுரம் கீழேயே நின்றுவிடுகிறது. கர்நாடக சங்கீதத்தில் பிரதி மத்யமம் நமக்குப் பழகியதுதான், கல்யாணியில் அது கல்யாண வீடு. ஆனால் பஞ்சமத்தின் துணையில்லாமல், மெதுவாக, பெரிய சத்தத்தில் அதையே திரும்பத் திரும்ப வைத்தால் வீட்டில் யாரோ இறந்ததைப் போல இருக்கும். மூன்று சுரத்தில் அந்த இருட்டைக் கட்டுவதற்கு டெக்னிக் வேண்டாமா? பதினேழு நிமிஷம் வாசிப்பவர்கள் அதைச் செய்து காட்டட்டும்.

அந்த ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதே வருடம் வந்த 'பாரனாய்ட்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதில் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. போரைத் திட்டமிடுகிறவர்கள் ஒதுங்கி நிற்க, சாவதற்கு ஏழைகளை அனுப்புவதைப் பற்றியது. பூ வைத்துக்கொண்டு சமாதானம் பாடியவர்களைவிட, கட்டாய ராணுவ சேவைக்குப் போகும் தெருப் பையன்களுக்கு அந்தப் பாட்டு நெருக்கமாக இருந்திருக்கும் என்று யோசிக்க பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. "சபாத்துல லிரிக்ஸ் இல்ல, பேய் பிசாசுதான்" என்பவர்கள் அந்த ஒரு பாட்டையாவது வரிகளோடு கேட்டார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அதிகாரபூர்வத் தரவரிசை ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பீட்டில்ஸ் 1988, ரோலிங் ஸ்டோன்ஸ் 1989, செப்பெலின் 1995, ஃபிளாய்ட் 1996, குயீன் 2001. சபாத் 1995இலேயே தகுதி பெற்றும் 2006 வரை வாசலில் நிற்கவேண்டியிருந்தது. நடுவில் 1999இல் ஆஸி "எங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று கடிதம் எழுதினார். எங்கள் ஹாஸ்டல் கட்டிலும் கிளீவ்லண்ட் கமிட்டியும் ஒரே தீர்ப்பைத்தான் எழுதியிருக்கின்றன.

கேள்வி ஞானம்

சத்தம், இரைச்சல் என்ற இந்த வார்த்தைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும்.

என் அப்பா சுரங்கத்தில் கன்வேயர் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தார். மெஷின் என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்த மனிதர். ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் ஹவுசிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். கிரீஸ் குறைவா, பால் தேய்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் விலகியிருக்கிறதா என்று சொல்வார். ஒருநாள் செகண்ட் ஷிப்ட் முடித்து வந்தவர், என் அறையில் 'அயர்ன் மேன்' ஓடுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றார்.

"என்னடா இது, பேரிங் போன மாதிரி கத்துது?"

"பாட்டுப்பா."

கொஞ்ச நேரம் அப்படியே நின்று கேட்டார். "கத்துது, ஆனா சீரா போகுது. லோடு ஏத்தின பெல்ட் மாதிரி." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் படித்த எந்த ஆங்கில விமர்சனமும் பில் வார்ட், கீசர் பட்லர் இருவரின் வேலையை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. மேலே கிட்டார் உராய்கிறது, கீழே தாளம் பாரத்தைச் சுமந்துகொண்டு சீராகப் போகிறது. தமிழில் முறையாகப் பயிலாமல் கேட்டே வளர்த்துக்கொண்ட இசையறிவுக்குக் கேள்வி ஞானம் என்று பெயர். சபா கேண்டீனில் தோடிக்கும் தன்யாசிக்கும் வித்தியாசம் சொல்கிறவருக்கு அதைத் தாராளமாகக் கொடுப்போம். நூறு ரோலர்களுக்கு நடுவில் கெட்டுப்போன ஒரு ரோலரைக் காதால் கண்டுபிடிக்கிறவருக்குக் கொடுக்க மாட்டோம். அவருடைய காது வேலை செய்யும் உலகத்தைத்தான் நாம் 'சத்தம்' என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம்.

ராக் என்பதே மின்சாரத்தின் இசை. பிளக்கைப் பிடுங்கினால் கில்மோரும் இல்லை, பேஜும் இல்லை. எங்கள் ஊர் மின்சாரத்தையே தொழிலாக வைத்திருக்கும் ஊர். அம்பது மீட்டருக்கும் மேலே மண்ணைத் தோண்டி, கீழேயிருந்து முட்டும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்து, கரியை எடுத்து, எரித்து, தென்னிந்தியா முழுவதற்கும் அனுப்புகிற ஊர். அந்த ஊர்ப் பையன்கள், மின்சாரத்தின் சத்தத்தை மறைக்காமல் அப்படியே இசையாக்கிய குழுவை "அது சத்தம்" என்று ஒதுக்கிவிட்டு, அதைப் பட்டுத்துணி போர்த்திக் கொடுத்தவர்களை மேலே வைத்தோம் என்றால், காதில் கோளாறு என்று நான் நம்பமாட்டேன். அப்பாவின் வேலையிலிருந்து தூரமாகப் போகவேண்டும் என்ற அவசரம் அது. பர்மிங்ஹாமைப் போல இருப்பதற்காக யாரும் இன்ஜினியரிங் சேர்வதில்லை. கேம்பிரிட்ஜைப் போல இருப்பதற்காகத்தான் சேர்கிறோம்.

"அப்போ தொழிலாளி பாடினா நல்ல பாட்டா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்து மட்டமாக வாசித்த குழுக்கள் ஆயிரம் இருந்திருக்கும், அவற்றின் பெயர் யாருக்கும் தெரியாது. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டாரும் லிவர்பூலின் ஏழைத் தெருவிலிருந்து வந்தவர்தான். சபாத்தும் எழுபதுகளின் பிற்பாதியில் போதையிலும் சண்டையிலும் சுமாரான ஆல்பங்கள் போட்டிருக்கிறார்கள். அவற்றைத் தூக்கிப்பிடிக்க எனக்கு ஆசையில்லை.

நான் முன்வைக்கும் அளவுகோல் பிறப்புச் சான்றிதழ் அல்ல. இரண்டு கேள்விகள். கையில் இருந்ததை வைத்து இவர்கள் புதிதாக என்ன செய்தார்கள்? செய்ததை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த முடிந்ததா? பீட்டில்ஸ் மாதிரி இசை போட வேண்டுமென்றால் ஜார்ஜ் மார்ட்டினும் அபே ரோடு ஸ்டூடியோவும் வேண்டும். ஃபிளாய்ட் மாதிரி போட சிந்தசைசர் வேண்டும், பெரிய மேடை வேண்டும், நிறையப் பணம் வேண்டும். சபாத் மாதிரி போட ஒரு மட்டமான கிட்டார், ஒரு ஆம்ப், கோபம் போதும். அதனால்தான் அது பிரேசிலுக்குப் போனது, நார்வேக்குப் போனது, ஷில்லாங்குக்கும் பெங்களூருக்கும் வந்தது. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது கறுப்பு டிஷர்ட்டில் திரண்ட கூட்டம் சபாத் போட்ட சாலையில் வந்த கூட்டம். சாஃப்ட்வேர் மொழியில் சொன்னால், மற்றவர்கள் அழகான புராடக்ட் விற்றார்கள், சபாத் சோர்ஸ் கோடைத் திறந்து வைத்துவிட்டுப் போனது. எது பெரிய காரியம் என்று இந்தத் துறையில் இருக்கும் யாரும் சொல்வார்கள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். அயோமியின் விரலை வைத்து "விபத்தே வரமானது" என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். விரல் போனது வரம் இல்லை. விரல் போன ஆயிரக்கணக்கான ஆட்களில் ஒருவர் கிட்டார் வாசித்தார், மற்றவர்கள் அடுத்த வாரம் மறுபடி அதே மெஷினுக்குப் போனார்கள். 2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். அதில் வரமும் இல்லை, பாட்டும் இல்லை. தொழிற்சாலையை உவமையாக மட்டுமே பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தச் செய்தியை ஒருமுறை படித்துவிட்டு வரலாம். சபாத்தின் இசையில் எனக்குப் பிடித்ததே அது ஆறுதல் சொல்வதில்லை என்பதுதான். மெஷின் கனமானது, ஆளை நசுக்கும் என்பதை அது மறைக்கவில்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று முடியும் பாட்டுகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. சரியாகாதவர்களுக்கு ஒன்று வேண்டாமா?

சண்டையை நிறுத்தச் சொல்லவில்லை

"ரசனையில் பெரியது சின்னது உண்டா, எல்லாமே இசைதானே" என்று நடுவில் வந்து தண்ணீர் ஊற்றும் நல்லவர்களை எனக்குப் பிடிக்காது. பெரியது சின்னது உண்டு. சண்டை போட வேண்டும். எது பெரியது என்று வாதாடத் தெரியாதவனுக்கு எதையும் கவனமாகக் கேட்கவும் தெரியாது.

ஆனால் பட்டியல் போடுவதற்கு முன் உங்கள் அளவுகோலை மேஜைமேல் வையுங்கள். அது எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், அதில் எந்த டைப் குவார்ட்டர்ஸின் வாசனை அடிக்கிறது என்று பாருங்கள். 'டெப்த்', 'கிளாஸ்', 'மெச்சூர்ட்' போன்ற வார்த்தைகள் வாயில் வரும்போது கொஞ்சம் நிதானியுங்கள். 'டப்பாங்குத்து', 'லோக்கல்', 'சத்தம்' என்று அதே வாய் வேறு எதைச் சொல்லியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கானாவுக்கு ஒரு தராசு, கிட்டாருக்கு ஒரு தராசு என்று நாம் வைத்திருப்பதாக நினைக்கிறோம். இரண்டும் ஒரே தராசுதான்.

அப்படிப் பார்த்த பிறகும் பிங்க் ஃபிளாய்ட்தான் முதலிடம் என்று உங்களுக்குத் தோன்றினால், வாருங்கள், பேசுவோம். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் பரவாயில்லை. ஆனால் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யை ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் வேண்டாம், அடிச் சத்தம் வராது. முப்பத்தைந்து நிமிஷம்கூட ஆகாது. அதற்குப் பிறகும் யாராவது "வெறும் சத்தம்" என்று சொன்னால், எந்தச் சத்தம், யாருடைய சத்தம் என்று பதில் கேட்காமல் அவர்களை விடாதீர்கள்.